ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸ்தானா?

இரண்டாம் ஆண்டு மாணவி, மருத்துவ ஆய்வக நுட்பவியல் பிரிவு



நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே வரும் கிருமியைப் பிடித்துக் கொடுக்கும் காவல்காரன் அது. அந்தக் காவல்காரனே திருடனை விட்டுவிட்டு வீட்டு ஆட்களை அடிக்க ஆரம்பித்தால்? அதுதான் லூபஸ் நோய். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்தது மாதிரி இருக்கிறதென்று அந்தக் காலத்தில் வைத்த பெயர். தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை என்று எதையும் இது விட்டு வைப்பதில்லை. நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலோர் 15 முதல் 45 வயதுக்குள். நம்ம வயசும் அதில் அடக்கம். "மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இது எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ரிசல்ட் சீட்டு ஒருநாள் எல்லார் வீட்டுக்கும் வரும்.

ரத்தத்தை வைத்து லூபஸைத் தேடும் வழி 1948-ல் பிறந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஒரு வெள்ளை அணு இன்னொரு செல்லின் உட்கருவை அப்படியே விழுங்கி வைத்திருந்தது! அதற்கு எல்.ஈ. செல் என்று பெயர் வைத்தார்கள். ரத்தத்தை உறையவிட்டு, 37 டிகிரியில் வைத்து, கட்டியைச் சல்லடையில் மசித்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, ஸ்மியர் போட்டு, சாயம் ஏற்றி, பிறகு கண் வலிக்க வலிக்கத் தேட வேண்டும். நோய் இருந்தும் எல்.ஈ. செல் கிடைக்காமல் போவதுண்டு. 1997-ல் நோயை வகைப்படுத்தும் விதிகளிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள்.

அதன் இடத்தைப் பிடித்ததுதான் ஏ.என்.ஏ., அதாவது செல்லின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள். ஸ்லைடின் மேல் ஹெப்-2 என்ற மனிதச் செல்கள் ஒட்டியிருக்கும். (குரல்வளைப் புற்றுநோயில் எடுத்த செல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஹென்றியட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்ச் செல்கள் அதில் கலந்து, அவைதான் நிலைத்துவிட்டன என்பது பின்னால் தெரிந்தது. அவர் 1951-ல் இறந்துவிட்டார். அவர் செல்கள் இன்னும் வேலை செய்கின்றன!) அதன்மேல் நோயாளியின் சீரத்தை விடுகிறோம். எதிர்ப்பொருள் இருந்தால் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, அதைத் தேடிப்போய் ஒட்டும் பச்சை ஒளிர்சாயத்தை விடுகிறோம். மறுபடி கழுவி, இருட்டறையில் ஃப்ளோரசன்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உட்கரு பச்சையாக மின்னும். முழுவதும் ஒரே சீராக மின்னுகிறதா, புள்ளி புள்ளியாகவா என்ற வடிவத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கண்ணை எடுக்க மனசே வராது.

அப்புறம் சீரத்தை 1:40, 1:80, 1:160, 1:320 என்று இரண்டிரண்டு மடங்காகக் கரைத்துக்கொண்டே போகிறோம். எதுவரை மின்னுகிறதோ அதுதான் டைட்டர். இந்த டைட்டரில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தது நான்தான். அதனால் தெருவில் யாருக்கு ரிசல்ட் வந்தாலும், "பாப்பா, இதுல என்ன போட்டிருக்கு, பாரு" என்று என்னிடம் நீட்டுவார்கள். அப்படித்தான் ஒரு அக்கா, முட்டி வலிக்குப் போய் எடுத்த சீட்டைக் கொண்டு வந்தார். அதில் "ஏ.என்.ஏ. பாசிட்டிவ்" என்று ஒரே வரி. டைட்டர் இல்லை, வடிவம் இல்லை. யாரோ அவரிடம் "இது லூபஸ், கிட்னி போயிடும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அழுதுகொண்டிருந்தார். பிறகு பெரிய டாக்டரிடம் போனபோது டைட்டர் 1:80 என்று தெரிந்தது. சிறுநீரில் புரதம் இல்லை, தோலில் ஒன்றும் இல்லை. வெறும் மூட்டுத் தேய்மானம்!

1997-ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் நல்ல ஆரோக்கியமான ஆட்களின் ரத்தத்தையே சோதித்தார்கள். 1:40-ல் 100-க்கு 32 பேர் பாசிட்டிவ். 1:80-ல் 13 பேர், 1:160-ல் 5 பேர், 1:320-ல்கூட 3 பேர். எலக்ட்ரிகல் தோழர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஏ.என்.ஏ. ஒரு டெஸ்டர் மாதிரி. கரண்ட் இருக்கிறது என்று காட்டும், எந்த மெஷின் பழுது என்று காட்டாது. ஆனால் லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது பாசிட்டிவாக வரும். ஆகவே நெகட்டிவ் என்று வந்தால் லூபஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்தச் சோதனையின் உண்மையான பலம் நெகட்டிவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

லூபஸைக் குறிப்பாகச் சுட்டுபவை வேறு இரண்டு. ஒன்று, இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரானது. இது ஏறும்போது சிறுநீரகத்தின் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். ஈயின் குடலில் வாழும் கிரித்திடியா என்ற ஒரு செல் உயிரியில் இந்த டி.என்.ஏ. ஒரே கட்டியாக இருப்பதால், அதையே ஸ்லைடில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஈயும் உதவுகிறது பாருங்கள்! இன்னொன்று எஸ்.எம். எதிர்ப்பொருள். 1966-ல் டேன், குங்கெல் என்ற இருவர் எழுதியது. அந்த நோயாளியின் பெயரின் முதல் இரண்டு எழுத்துதான் எஸ்.எம். லூபஸ் நோயாளிகளில் சிலருக்கே இது வரும். ஆனால் வந்தால் பெரும்பாலும் லூபஸ்தான்.

2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து ஆய்வுகளுக்காக ஒரு மதிப்பெண் முறை கொண்டு வந்தன. 1:80 ஏ.என்.ஏ. என்பது உள்ளே நுழைய டிக்கெட் மட்டும். அதற்கு மார்க் கிடையாது. இரட்டை இழை டி.என்.ஏ. அல்லது எஸ்.எம். எதிர்ப்பொருளுக்கு 6, சி3, சி4 இரண்டும் குறைந்தால் 4, பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளுக்கு 2. பாஸ் மார்க் 10. ரத்தத்தில் மட்டும் 12 வாங்கினாலும், உடம்பில் ஒரு அறிகுறியாவது இல்லாவிட்டால் பாஸ் இல்லை!

ஏன் இத்தனை கண்டிப்பு? அமெரிக்க ராணுவத்தில் வீரர்களின் சீரத்தைச் சேமித்து வைக்கும் வழக்கம் உண்டு. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய சீரத்தை எடுத்துப் பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். 115 பேருக்கு நோய் கண்டுபிடிக்கும் முன்பே ஏதாவதொரு எதிர்ப்பொருள் இருந்திருக்கிறது. சிலருக்கு 9 வருடத்துக்கும் முன்பே! அந்த வருடங்களில் அவர்கள் ஓடினார்கள், வேலை பார்த்தார்கள். எதிர்ப்பொருள் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு.

கடைசியாக ஒன்று. இதை எந்தப் பாடத்தைவிடவும் முக்கியமாக நினைக்கிறேன். பால்வினை நோயான சிபிலிஸுக்குச் செய்யும் வி.டி.ஆர்.எல். சோதனையில் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு இருக்கிறது. அதுவும் ஒரு பாஸ்போலிப்பிட்தான். லூபஸ் உள்ள சிலரின் எதிர்ப்பொருள் அதில் போய் ஒட்டும். சீட்டில் பாசிட்டிவ் என்று வரும். எந்தத் தப்பும் செய்யாத பெண் மேல் வீட்டில் சந்தேகம் விழ இது போதாதா? அப்படி வந்தால் டி.பி.எச்.ஏ. என்ற சோதனையும் செய்து பார்க்க வேண்டும். அது சிபிலிஸ் கிருமியையே குறிவைப்பது. அதில் நெகட்டிவ் வந்தால், முதல் பாசிட்டிவ் பெரும்பாலும் பொய்யானது. இரண்டு முடிவையும் ஒரே சீட்டில், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும்.