'ஆன்சோவிட்': ஒரு சொல்லும் சில நோயாளிகளும்

'ஆன்சோவிட்' என்பது ஆங்கிலத்தில் அரிதாக வழங்கும் பெயரடை. நெத்திலியினத்து மீன் சேர்த்துச் சமைத்தது என்று பொருள்படும். மேலைநாட்டுச் சமையலில் சேர்வது பெரும்பாலும் பச்சை மீனன்று. உப்பில் மாதக்கணக்கில் ஊறியபின் எண்ணெயில் அடைக்கப்பெற்றது. அதன் 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் உப்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனமோ ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே பரிந்துரைக்கிறது. ஆதலின் உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உடையோரை இதனைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பியூரின் மிகுந்த மீனாதலின் யூரிக் அமில மூட்டுவலி உடையோர்க்கும் ஏற்றதன்று.

சொல் காணப்படாத இடமே எமக்குப் பெருங்கவலை. வழக்கமான வூஸ்டர்ஷர் சாஸிலும், பெரும்பாலான சீசர் சாலட் கலவைகளிலும் இம்மீன் உண்டு. பெயரோ அதனைக் காட்டாது. மீன் ஒவ்வாமை உடையோர் புட்டியின் உட்பொருள் பட்டியலைப் படித்தறிக. உணவகமாயின் சமையலரிடமே கேட்டறிக.