வடபாதை வழிநடையும் வரலாற்றுக் காதற்கதையும்

வரலாற்றுக் காதற்கதை என்னும் இலக்கிய வகை நம் மாணாக்கர் பெரிதும் விரும்பிப் படிப்பதொன்று. தமிழில் அவ்வகைக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தவர் கல்கி. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய மூன்றும் பல்லவர் சோழர் காலத்தைக் களமாகக் கொண்டவை. அவர் வழி வந்தோரும் பெரும்பாலும் அரண்மனையையும் போர்க்களத்தையும் விட்டு அகன்றாரல்லர். இதனால், முடி சூடியவர்க்கே வரலாறு உண்டு, வாள் ஏந்தியவர்க்கே காதல் உண்டு என்றொரு மயக்கம் படிப்போர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. அரசர் எவரும் தோன்றாத வரலாற்றுக் காதற்கதை மரபொன்றை எடுத்துக்காட்டி, கட்டுகஸ்தோட்டை வழியே சென்ற பெருவழியொன்றன் கதையை அதனோடு ஒப்புநோக்கி, அம்மயக்கத்தை நீக்க முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்கு நோக்கிய வண்டித்தொடர்

அமெரிக்க நாட்டில் 1840ஆம் ஆண்டுகளில் தொடங்கிப் பல்லாயிரம் குடும்பங்கள் மேற்குத் திசை நோக்கிப் பெயர்ந்தன. மிசூரி ஆற்றை அடுத்த ஊர்களிலிருந்து பசிபிக் கடற்புறத்து ஓரிகன் நாடு வரை ஏறத்தாழ 2,000 மைல் தொலைவு. வெள்ளைத் துணிக் கூண்டு போர்த்த வண்டிகளில் பண்டமும் குழந்தைகளும் ஏற, எருதுகள் இழுக்க, ஏனையோர் பெரும்பாலும் உடன் நடக்க, நான்கு முதல் ஆறு திங்கள் வரை அப்பயணம் நீளும். தனி வண்டி செல்லுதல் இடராதலின் பல வண்டிகள் ஒன்றுகூடித் தமக்கொரு தலைவனைத் தேர்ந்துகொண்டு தொடராகச் சென்றன. 1843ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இவ்வாறு சென்றனர். 1869இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை இணைக்கப்பட்ட பின்னர் அவ்வண்டிகளின் காலம் மெல்ல மறைந்தது.

அப்பயணத்தைப் பாடுபொருளாகக் கொண்ட காதற்கதைகள் எண்ணிறந்தன. எமர்சன் ஹஃப் என்பார் 1922இல் வெளியிட்ட ‘மூடுவண்டி’ எனப் பொருள்படும் புதினம் அவற்றுட் பெயர்பெற்றது. மறு ஆண்டே அது திரைப்படமும் ஆயிற்று. இவ்வகைக் கதைகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. தந்தையின் வண்டியில் ஒரு கன்னி, வழியறிந்த ஓர் இளைஞன், அவனுக்கு மாற்றாக ஒரு பகைவன், பெருக்கெடுத்த ஆறு, கொள்ளைநோய், முடிவில் மணமும் நிலமும்.

மணமும் நிலமும் ஒருங்கே வருதல் கதாசிரியர் கற்பனை மாத்திரமன்று. ஓரிகன் நாட்டுக்கென 1850இல் இயற்றப்பட்ட சட்டம், முன்னரே அங்குக் குடியேறியிருந்த தனியாளுக்கு 320 ஏக்கர் நிலமும், மணமானோர்க்கு 640 ஏக்கர் நிலமும் வழங்கியது. அவற்றிற் பாதி மனைவியின் பெயரிலேயே அமைந்தது. பின்வந்தோர் இதிற் பாதி பெற்றனர். ஆகவே அங்கே ஒரு பெண் ‘ஆம்’ என்று சொன்ன சொல் நிலத்தை இரட்டிக்கும் சொல்லுமாயிற்று. அந்நிலம் பூர்வகுடிகளின் நிலம் என்பதையும், அவர்தம் இழப்பின்மேலேயே அவ்வின்ப முடிவு எழுந்தது என்பதையும் படிப்போர் மறத்தல் ஆகாது.

நம் வடபாதை

அதே 1840ஆம் ஆண்டுகளில் இலங்கையிலும் ஒரு பெருவழி மக்களால் நிறைந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதி நமக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் அமைத்த காலத்திற்குப் பின், கண்டி மலைகளிற் கோப்பிப் பயிர் விரைந்து பரவிற்று. அதற்கு வேண்டிய உழைப்பாளர் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல். வழியிற் காடு, கொடுவிலங்கு, வற்றிய குளம், வாந்திபேதி, அம்மை. எத்துணையோ பேர் ஊர் சேராமலே அக்காட்டில் மாய்ந்தனர். காடு கடந்தவர் இளைப்பாறி வழிபட்ட இடமென மாத்தளை முத்துமாரியம்மன் திருக்கோயிலை மலையக மரபு போற்றுகின்றது.

மாத்தளையிலிருந்து கண்டிக்கு வருவோர் மகாவலியை எதிர்ப்பட்ட இடம் நம் கட்டுகஸ்தோட்டை. இவ்வூர்ப் பெயரின் ஈற்றைக் கேட்ட தமிழ்ச் செவி அதனைத் ‘தோட்டம்’ என்று மயங்குதல் இயல்பு. சிங்கள மொழியில் ‘தொட்ட’ என்பது ஆற்றுத்துறையைக் குறிக்குஞ் சொல். தோட்டத்தைத் தேடி வந்தவர் முதலில் துறையைக் கடந்தனர் என்க.

இவ்விரு பயணங்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒற்றுமைகள் பல தோன்றும். காலம் ஒன்று, கொள்ளைநோயும் ஒன்று, கூட்டமாகச் செல்லும் முறையும் ஒன்று. வேற்றுமை வண்டியில் தொடங்குகின்றது. இங்கும் எருது வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடின. கரத்தை என்று நாம் வழங்கும் அவ்வண்டிகள், 1867இல் புகைவண்டி கண்டியை அடையும் வரை, கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்குச் சுமந்து சென்றன. கோப்பி வண்டியிற் சென்றது. கோப்பியை விளைவித்தவர் நடந்து வந்தனர்.

மற்றொரு வேற்றுமை தலைவனைப் பற்றியது. ஓரிகன் வழியினர் தம் தலைவனைத் தாமே தெரிந்தெடுத்தனர். நம்மவர்க்குத் தலைவன் கங்காணி. அவன் பெரும்பாலும் ஊரவன் அல்லது உறவினன். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவனும் அவனே. அம்முன்பணமே அவர்கள் கழுத்தில் விழுந்த முதற் கயிறு. பிற்காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்ல விரும்பியவரின் கடனை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு அவரோடு கூடவே சென்றது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. பயணத்தின் முடிவிற் கிடைத்தது ஏக்கர்க் கணக்கான நிலமன்று. லயத்தில் ஒரு காம்பரா. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பின்னர், 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் இல்லாதவராயினர். எஞ்சியோர்க்கு அது முற்றாக மீள 2003ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று.

ஐந்திணையும் ஒரு பாதையும்

இத்தகைய துன்பவழியிற் காதற்கதைக்கு இடமேது என்று கேட்பார் இருக்கலாம். அவர்க்கு விடை நம் அகத்திணை மரபிலேயே உள்ளது. பிற நாட்டார் வண்டித்தடத்திற் கண்ட காதலை நம் முன்னோர் பாலைத் திணையிற் கண்டனர். தலைவன் பொருள் தேடிச் சுரம் கடத்தலும், தலைவி பெற்றோரை விட்டு அவனோடு உடன்போதலும் பாலையின் இரு பெரும் பகுதிகள். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்து இளங்கோவடிகள் கருத்து. வடபகுதிக் காடும் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் அவ்வாறே நீர் வற்றித் திரிந்து நிற்கும். பருந்தும் வற்றிய மரமும் வழிப்போக்கர் அச்சமும் ஆகிய கருப்பொருள்களை அங்கே புதிதாகப் படைக்க வேண்டுவதில்லை.

இன்னும் நுணுகி நோக்கின், அவ்வொரு பாதையில் ஐந்திணையும் நிரல்பட நிற்பதைக் காணலாம். நெல்விளையும் ஊரை விட்டுப் புறப்படுதல் மருதம். தோணித்துறையிற் கண்கலங்கி நிற்றல் நெய்தல். வடகாட்டு வழி பாலை. ஊரிலிருந்து வரவு நோக்கும் மனைவியின் ஆற்றியிருத்தல் முல்லை. ஏறி முடித்த மலை குறிஞ்சி. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல் என்று பள்ளியிற் படித்தோம். இம்மக்கள் அடைந்த குறிஞ்சியிலோ விடியுமுன் பிரட்டுக்குத் தப்பு ஒலித்தது. உரிப்பொருள் மாறிய இக்குறிஞ்சியே நம் கதாசிரியன் எதிர்கொள்ள வேண்டிய பெரும் பொருள்.

கடல் கடந்த தலைவி

தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு விதி உண்டு. கடல்வழிச் செல்லும் பிரிவிற் பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வர். கோப்பிக் காலத்தின் முதற்பகுதி அவ்விதிக்கு ஏறக்குறைய உடன்பட்டே நடந்தது. வந்தவரிற் பெரும்பாலோர் ஆடவர். பெண்டிர் மிகச் சிலரே. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். ஆகவே அக்காலத்துக் கதை பொருள்வயிற் பிரிவின் கதை. அதன் தலைவி கண்டியில் இல்லை; இராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றில், போன கணவன் மீள்வானோ மாட்டானோ என்று அறியாமல் இருக்கிறாள்.

1869இற் கோப்பியை இலைநோய் தாக்கியது. பின்னர்த் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆட்கள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்களின் கைகள் வேண்டும். எனவே குடும்பங்கள் வந்து நிலைத்தன. தோணியிற் காலெடுத்து வைத்த ஒவ்வொரு பெண்ணும் அப்பழைய விதியைக் கடந்தவள் ஆவாள். அவளை எந்த அரசனும் தூது விட்டு அழைக்கவில்லை. பஞ்சம் துரத்தியது, கங்காணி சொன்ன பசப்புரை இழுத்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர், அது மெய்யே. ஆயினும் கணவனை விட்டிருக்க மனமின்றிப் புறப்பட்டவளும், உறவினர் ஒப்பாத ஒருவனோடு வாழும் பொருட்டு அக்கூட்டத்திற் கலந்தவளும் இருந்திருக்கமாட்டார்களா? அவ்வினாவை எழுப்பி, மெய் வழுவாமல் விடை காண்பதே வரலாற்றுக் காதற்கதையின் பணி. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும், 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் கடல் கடந்து தோட்டத்துக்கு வந்த பெண்ணை நடுவில் வைத்த முன்னோடிப் படைப்புகள்.

எழுதப் புகுவார் கருதத்தக்கன

இத்துறையில் எழுத விரும்பும் மாணாக்கர்க்குச் சில கூறுவோம். முதலாவது, காலப்பிழை நீக்குக. 1845இல் நடக்கும் கதையிற் கொழுந்துக் கூடை வரலாகாது; அக்காலத்திற் கோப்பிப் பழமே உண்டு. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1880இல். தலைமன்னார்ப் புகைவண்டியும் தனுஷ்கோடிக் கப்பலும் இணைந்தது 1914இல்.

இரண்டாவது, காட்டை வெறுங்காடு என்று எழுதாதீர். மேற்கு அமெரிக்கா வெறுநிலமாக இராதவாறு போலவே, கண்டி மலைகளிலும் கிராமத்தார்க்கு மேய்ச்சலும் சேனையும் இருந்தன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்ட இயலாத நிலத்தை முடிக்குரியதென்றது. அந்நிலம் பறிபோனவரும், அதில் உழைக்கக் கொணரப்பட்டவரும் ஒரே ஆட்சியின் கீழ்த் துன்புற்றவரே என்பதை உணர்ந்து எழுதுபவன் பகையை வளர்க்கமாட்டான்.

மூன்றாவது, கங்காணியை முழுக் கொடியவனாகவோ துரையை முழு அரக்கனாகவோ தீட்டுதல் எளிது, ஆயின் பயனில்லை. தன் தமக்கை மகளையே கடன்கணக்கில் எழுத வேண்டிய கங்காணியின் நெஞ்சில் எழும் போராட்டத்தை எழுதுவோனே கதையை நிறுத்துவான்.

நான்காவதே யாம் பெரிதும் வற்புறுத்துவது. ஓரிகன் வழியிற் சென்ற பெண்டிர் பலர் நாட்குறிப்பு எழுதினர். அந்நாட்டுக் கதைகளுக்கு அவையே ஊற்று. நம் வழியில் வந்தவர் கையில் எழுதுகோல் இல்லை. அவர் விட்டுச் சென்றவை தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்னும் வாய்ப்பாடல்கள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தமையால் ஒரு பகுதி எஞ்சிற்று. எஞ்சாதன எத்துணை என்று யாரறிவார்?

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மக்கள் நடந்தனர். ஆகஸ்ட் 12ஆம் நாள் அந்நடை மாத்தளையை அடைந்தது. வழி இன்னும் இருக்கின்றது. அதன் கதை கேட்ட செவிகள் குறைந்து வருகின்றன. இன்று எண்பது அகவையிலிருக்கும் மூதாட்டி தன் பாட்டியிடம் கேட்ட சொல்லே நமக்கும் அப்பாதைக்கும் இடையிலுள்ள கடைசிக் கண்ணி.

ஆதலின், பழைய மாணவர்களே, இவ்விழா ஆண்டில் உங்கள் இல்லத்து முதியோரை அணுகி, எந்த ஊரிலிருந்து, யாருடன், எத்தோட்டத்துக்கு வந்தோம் என்ற மூன்று வினாக்களைக் கேட்டு விடைகளை எழுதிக் கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள். பாட்டு ஒன்று கிடைப்பின் அதனையும் பாடியவர் சொன்னவாறே, திருத்தாமல் எழுதுங்கள். மாணாக்கர் அவ்வேடுகளைப் படித்து எழுதட்டும். அவர்களுள் ஒருவன் அல்லது ஒருத்தி, முடிசூடாத அத்தலைவனையும் கடல் கடந்த அத்தலைவியையும் தமிழுக்குத் தரும் நாள் வருமாயின், இக்கல்லூரியிற் கற்பித்த அகத்திணைப் பாடம் பயன்பெற்றதென்று யாம் மகிழ்வோம்.