மாடியில் ஓடும் டிசி

அன்புள்ள கயலுக்கு,

டிப்ளமோ முடித்த கையோடு சோலார் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாய், பொருள் பட்டியல் எழுதுவதும் உன் பொறுப்பு என்று அக்கா சொன்னாள். மகிழ்ச்சி. பேனல், இன்வெர்ட்டர் என்ன கம்பெனி என்று வீட்டுக்காரர்களே துருவிக் கேட்டுவிடுவார்கள். கேபிள், கனெக்டர், பிரேக்கர் பற்றி யாரும் கேட்பதில்லை. விலையைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை வைப்பது அங்கேதான். தீப்பிடிக்கும் ஆபத்து மிகுதியாக இருப்பதும் அங்கேதான்.

நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. பிரேக்கர் திறக்கும்போது எழும் பொறி அந்தக் கணத்தில் அணைந்துவிடும். டிசியில் அப்படி ஒரு கணமே கிடையாது. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் ஏசி பிரேக்கரை (எம்சிபி) டிசி பெட்டியில் மாட்ட ஒருபோதும் சம்மதிக்காதே. டிசி எம்சிபி பலவற்றில் பிளஸ், மைனஸ் குறி உண்டு. மாற்றி இணைத்தால் தேவையான நேரத்தில் அது கைவிட்டுவிடும்.

மின்னழுத்தத்தைக் குளிரை வைத்துக் கணக்கிடு. 50 வோல்ட் பேனல் பத்தைத் தொடராக இணைத்தால் 500 வோல்ட். அது 25 டிகிரியில் அளந்தது. ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 0.3 சதவீதம் கூடும். ஊட்டியில் 5 டிகிரி காலையில் அதே வரிசை 530 வோல்ட்டைத் தொடும். இன்வெர்ட்டர், பிரேக்கர், மின்னெழுச்சியைத் தடுக்கும் எஸ்பிடி மூன்றும் அதைத் தாங்க வேண்டும்.

எம்சி4 கனெக்டரின் இரு பாதிகளும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனிப் பாதிகள் பொருந்துவதுபோலத் தெரியும். உள்ளே தொடர்பு தளர்ந்து, சூடேறி, உருகும். கம்பியைக் கனெக்டரில் பொருத்தக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் அதே கதிக்குத்தான் கொண்டுபோகும். அதற்குரிய கிரிம்பிங் டூலை வாங்கச் சொல். கேபிள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியுள்ள சோலார் டிசி கேபிளாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறை வெயிலில் வெடித்துவிடும்.

கரன்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது என்று வீட்டுக்காரர் கோபப்படுவார். பொறுமையாக விளக்கு. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன், லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் கை வைக்கிறார். நம் மாடியிலிருந்து மின்சாரம் திரும்பிப் போனால் அவர் உயிர் போகும். இதைத் தடுப்பதற்கான ஐஇசி 62116 சோதனையில், லைன் துண்டித்த 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் நின்றாக வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாத இன்வெர்ட்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உன் பட்டியலில் ஏற்றாதே. முதலாளி வற்புறுத்தினால் என்னைக் கூப்பிடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா