உறக்கமின்மை: அதன் வகைகளும் காரணங்களும்

தறியில் பாவு இழை ஒன்று அறுந்துவிட்டால், நெசவாளர் முதற்கண் அது அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுகொள்வார். பின்னரே முனைகளைச் சேர்த்து இணைப்பார். உறக்கம் கெட்டவரோ, அது இரவின் எப்பகுதியில், எக்காரணத்தால் கெடுகிறது என்று பாராமலே மருந்துக் கடைக்குச் செல்கிறார். உறக்கமின்மை ஒரே நோயன்று. அதில் பல வகைகள் உண்டு. ஒன்றுக்கு ஏற்ற பரிகாரம் மற்றொன்றுக்குத் தீங்காகவும் முடியலாம்.

எது உறக்கமின்மை அன்று என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இரவு 8 மணிக்குப் படுத்த முதியவர் 3 மணிக்கு விழித்துக்கொண்டு, "தூக்கமே இல்லை" என்று வருந்துகிறார். அவர் 7 மணி நேரம் உறங்கிவிட்டார் என்பதை வீட்டில் ஒருவரும் கணக்கிடுவதில்லை. வயது ஏற ஏற உறக்கம் மெலிவதும் விழிப்பு முந்துவதும் இயல்பே. நடவு நாட்களிலும் தீபாவளிக்கு முந்திய வேலை நெருக்கடியிலும் படுக்க நேரமின்றி விழித்திருப்பது உறக்கக் குறைவு. அதற்கு மருந்து ஓய்வேயாகும். படுக்க நேரமும் தக்க இடமும் இருந்தும் உறக்கம் வராமையும், அதனால் மறுநாள் சோர்வும் எரிச்சலும் கவனப் பிசகும் உண்டாவதுமே நாம் பேசும் பிணி. வாரத்தில் 3 இரவுகளேனும் இவ்வாறு 3 மாதம் நீடித்தால் அதனை நாட்பட்ட உறக்கமின்மை என்பர். அதற்குட்பட்டது குறுகிய கால வகை. அது பெரும்பாலும் ஒரு துக்கம், ஒரு கடன், ஒரு நோய் ஆகியவற்றின் நிழலாகத் தோன்றி, அதனுடனே மறையும்.

உறக்கம் கெடும் வேளை காரணத்தைக் காட்டிக்கொடுப்பதுண்டு. படுத்தவுடன் உறக்கம் வராதவர், மாலையில் அருந்திய தேநீரையும் காப்பியையும் முதலில் ஐயுறவேண்டும். அவற்றிலுள்ள காபீன் என்னும் பொருளில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. மாலை வந்ததும் காலில் ஏதோ ஊர்வது போன்ற குடைச்சல் தோன்றி, எழுந்து நடந்தால் தணிகிறது என்றால், இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பரிசோதித்தல் நலம். நம் பெண் அங்கத்தினர்கள் இதனை வேலைக் களைப்பு என்றே எண்ணிப் பொறுத்துக்கொள்கின்றனர்.

நடு இரவில் விழிப்பவருக்குக் காரணங்கள் வேறு. அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது நீரிழிவாகவோ, முதிய ஆடவர்க்கு ஏற்படும் சுரப்பி வீக்கமாகவோ இருக்கலாம். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் உண்டா என்பதை உடன் படுப்பவர்தாம் சொல்ல இயலும். மது அருந்தினால் நன்கு தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. முன்னிரவில் அது கண்ணை அயர்த்தும். பின்னிரவில் உறக்கத்தைத் துண்டு துண்டாக்கும். விடியுமுன்னரே விழித்து, மனம் கனத்து, வாழ்வில் பிடிப்பற்றுக் கிடப்பது மனச்சோர்வு நோயின் அறிகுறியாகலாம். கடன் சுமையுள்ள வீடுகளில் இதனை அலட்சியம் செய்யலாகாது. அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

இனி, பலருக்கும் விளங்காத ஒன்று. ஒரு நெசவாளர் கடன் கவலையால் உறக்கம் இழந்தார் எனக் கொள்வோம். 4 மாதத்தில் கடன் தீர்ந்தது. உறக்கமோ திரும்பவில்லை. ஏன்? ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1987-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பிணிக்கு இடந்தரும் இயல்பு ஒன்று, அதனைத் தொடங்கிவைக்கும் நிகழ்ச்சி ஒன்று, நீடிக்கச் செய்யும் பழக்கம் ஒன்று என மூன்றாகப் பிரித்தார். நம் நெசவாளர் இழந்த உறக்கத்தை ஈடுசெய்ய எண்ணி 8 மணிக்கே படுத்தார். பகலில் தறியை நிறுத்தி 2 மணி நேரம் கண்ணயர்ந்தார். இரவில் படுத்தபடியே மணி பார்த்தார். விழித்திருக்கும் நேரத்தில் உறக்கத்தின் தேவை மூளையில் சிறுகச் சிறுகச் சேர்கிறது. பகலுறக்கம் அச்சேமிப்பைச் செலவிட்டுவிடுகிறது. பாயும் நாளடைவில் விழித்துக் கிடக்கும் இடமாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. கடன் தொடங்கிவைத்ததைப் பழக்கம் வளர்த்துவந்தது.

ஆகவே பழக்கத்தையே மாற்றவேண்டும். உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கவும். 20 நிமிடம் போல வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான வேலை ஏதேனும் செய்து, தூக்கம் வந்தபின் திரும்பவும். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெயில் படும்படி நடக்கவும். பகலுறக்கம் வேண்டா. இம்முறைக்கு 1972-இலேயே ரிச்சர்ட் பூட்சின் என்பார் வழிகோலினார். நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இத்தகைய பழக்கச் சிகிச்சையையே கையாளவேண்டும் என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. முதல் ஒன்றிரண்டு வாரம் கடினமாகவே இருக்கும். பலர் அப்போதுதான் கைவிடுகின்றனர். வலிப்பு நோயாளரும், வண்டி ஓட்டுவோரும், விசைத்தறியில் பணிபுரிவோரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. அந்நாட்களில் பகலில் தூக்கக் கலக்கம் இருக்கும்.

இரவு முறை வேலை செய்பவர் நிலை தனியானது. அவருடைய உடற்கடிகாரம் பகலை விழிப்புக்கென்றே வைத்திருப்பதால், பகலில் படுத்தால் உறக்கம் குறுகும். அறையை இருட்டாக்குவதும், வேலை முறையை வாரந்தோறும் மாற்றாமலிருப்பதும் ஓரளவு உதவும். இதில் குற்றம் தொழிலாளியுடையதன்று. முறை வகுப்பவர்கள் கவனிக்கவேண்டியது.

தூக்க மாத்திரையை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. திடீர்த் துக்கத்தில் வைத்தியர் சில நாட்களுக்குத் தருவது நியாயமே. ஆனால் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்கில் உண்டால் உடல் அதற்கு அடிமைப்படும். முதியோர் இரவில் தடுமாறி விழுந்து எலும்பு முறிவர். நெடுநாள் உண்டவர் ஒரே நாளில் நிறுத்துவதும் அபாயம். அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வைத்தியர் வழி சொல்வார். அவரிடம் செல்லுமுன் 2 வாரங்களுக்குப் படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், விழித்த நேரம், பகலுறக்கம், அருந்திய தேநீர், உண்ட மருந்து ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் காலைதோறும் எழுதி, அதனைக் கையோடு கொண்டுசெல்க.