தரமும் இணக்கமும் ஒன்றா?

வாடகை வீட்டுக்கு வைஃபை திசைவி வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வேகம் எவ்வளவு?" என்பதுதான். மற்றக் கருவிகளோடு அது ஒத்துப்போகுமா என்று கேட்பவர் குறைவு. மின்னியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அந்த இரண்டாம் கேள்வியை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 என்னும் தரத்தை ஐ.இ.இ.இ. 1997இல் வெளியிட்டது. வானொலி அலைகளைக் கையாள அத்தரம் இரண்டு முறைகளை அனுமதித்தது. ஒன்று, அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுவது. மற்றொன்று, தரவை அகன்ற அலைவரிசையில் நேரடியாகப் பரப்புவது. இரண்டும் தரத்துக்கு உட்பட்டவையே. ஆயினும், ஒரு முறையில் இயங்கிய கருவியால் மற்ற முறையில் இயங்கிய கருவியோடு பேச முடியவில்லை. ஆகவே, தரத்தைப் பின்பற்றுவது வேறு. இணங்கி இயங்குவது வேறு.

இந்த இடைவெளியை நிரப்பவே 1999இல் சில நிறுவனங்கள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கின. 2002இல் அது 'வைஃபை அலையன்ஸ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2000ஆம் ஆண்டு முதல் அது சான்றளித்து வருகிறது. புதிய கருவியைப் பல நிறுவனங்களின் கருவிகளோடு இணைத்துச் சோதிப்பார்கள். தேறினால் சான்று கிடைக்கும்.

பாதுகாப்பும் இச்சோதனையில் அடங்கும். டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பாதுகாப்பு முறை 2006 மார்ச் முதல் புதிய சான்றுகளுக்குக் கட்டாயமானது. இது நமக்கு ஏன் முக்கியம்? பழைய முறையை மட்டுமே அறிந்த ஒரே ஓர் அச்சுப்பொறிக்காகத் திசைவியின் பாதுகாப்பைத் தளர்த்தினால், அவ்வீட்டில் தங்கியுள்ள அனைவரின் தரவும் ஆபத்துக்குள்ளாகும்.

சான்று இருந்தாலும் விவரத்தைப் படிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் கருவி, சான்று பெற்றதாயினும், 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பைக் காணாது. சான்று இல்லாத கருவி இணங்காது என்றும் பொருளில்லை. அந்த அமைப்பு அதற்கு உறுதி கூறவில்லை என்பதே பொருள்.

இன்னொரு வகைச் சான்றும் உண்டு. மலேசியாவில் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிகளும், சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளும் கேட்கும் கேள்வி வேறு: இக்கருவி அனுமதிக்கப்பட்ட அலைவரிசையிலும் ஆற்றல் அளவிலும் இயங்குகிறதா? பிற சேவைகளுக்கு இடையூறு செய்யாதா? வெளிநாட்டிலிருந்து இணையம் வழி மலிவாகத் தருவிக்கும் கருவியில் இதையும் பார்க்க வேண்டும்.

தமிழில் இரண்டையும் 'சான்றிதழ்' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. முன்னதை 'இணக்கச் சான்று' என்றும் பின்னதை 'அனுமதிச் சான்று' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் கருத்து. நண்பர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது வேகத்தைக் கேட்பதற்கு முன் இவ்விரண்டையும் கேளுங்கள்.