மருந்து அடிக்கிறவர்கள் கவனத்துக்கு

"நகமெல்லாம் கறுத்துப் போச்சு அண்ணே, மூக்கிலேயும் ரத்தம் வருது." பராகுவாட் அடித்த காலத்தில் இப்படிச் சொன்ன சகோதரிகள் பலர். அந்தக் களைக்கொல்லியைத் தடை செய்வதாக 2002-இல் அறிவித்த மலேசிய அரசாங்கம், 2006-இல் தடையைத் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முற்றாக விலக்கியது. ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகும்; முறிவு மருந்தும் கிடையாது. பழைய டப்பா ஸ்டோர் மூலையில் கிடந்தால் தொடாதீர்கள். கிராணியிடம் சொல்லுங்கள்.

"அதான் தடை பண்ணிட்டாங்களே" என்று சும்மா இருந்துவிட முடியாது. கிளைபோசேட், குளுபோசினேட் என்று வேறு மருந்துகள் பம்பில் இருக்கின்றன. குளுபோசினேட் குடித்தவர் முதலில் நன்றாகவே இருப்பார். பல மணி நேரம் கழித்து வலிப்பு வரும். ஆகையால், "ஒண்ணும் ஆகலே" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

மருந்து வாய் வழியாக மட்டுமா போகிறது? ஒழுகும் பம்பைச் சுமந்தால் முதுகு நனைகிறது. வியர்வையும் சிராய்ப்பும் சேர்ந்தால் தோல் வழியாகவே இறங்கும். பெரட்டு முடிந்ததும் வெறும் தண்ணீர் ஊற்றிப் பம்பைச் சோதியுங்கள். ஒழுகினால் மண்டோரிடம் திருப்பிக் கொடுங்கள். மருந்து கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனெனில் அது கெட்டி மருந்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். மூக்குக் குழாய் அடைத்தால் வாயால் ஊதுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை! கை கழுவாமல் வெற்றிலை மடிப்பதும் அப்படித்தான். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு ஊறப் போட வேண்டாம். காலி டின்னில் தண்ணீர் பிடிக்கவே கூடாது.

மேலே கொட்டிவிட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். விழுங்கியவரை உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், டப்பாவின் லேபிளும் கூடவே போகட்டும்.

டிரசர் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டாலும் விஷயத்தை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டம் விபத்துக்கு மட்டுமல்ல, தொழில் நோய்க்கும் உண்டு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். கையுறைக்கும் கண்ணாடிக்கும் சம்பளத்தில் பிடித்தால், 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. சம்பளச் சீட்டோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள்.