விரல் நுனியும் நடுக்கோடும்

கருவேப்பிலங்குறிச்சி

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு கபடி ஆட்டம் முடிந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே நீ கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. மூன்று பேர் உன்னை அமுக்கியிருந்தும் விரல் நுனி நடுக்கோட்டில் பட்டது. “கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு” என்று அவுட் கொடுத்துவிட்டார்கள். தவறு, தம்பி. பிடியில் இருக்கும்போது பாட்டு அறுபடாமல் உடம்பின் எந்தப் பகுதி நடுக்கோட்டில் பட்டாலும் நீ வந்து சேர்ந்தவன்தான். வெளியேற வேண்டியவர்கள் உன்னைப் பிடித்த அந்த மூவர்.

குழப்பம் எங்கே பிறக்கிறது தெரியுமா? நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் லைன், அதற்கும் 1 மீட்டர் தள்ளி போனஸ் லைன். இவற்றைத் தாண்டத்தான் வேண்டும். போனஸுக்கு எதிரே ஆறு பேராவது நிற்க வேண்டும். ஒரு கால் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். தாண்ட வேண்டும் என்ற அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து நடுக்கோட்டின் தலையில் கட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

மற்ற ஆட்டங்களின் விதிகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரக்பியில் பந்தை எல்லைக்கோட்டிலோ அதற்கு அப்பாலோ தரையில் அழுத்தினால்தான் புள்ளி. அதற்குப் பெயர் ‘டிரை’. அதிலிருந்து கிளைத்த அமெரிக்கக் கால்பந்தில் பெயர் ‘டச்டவுன்’, ஆனால் பந்து தரையைத் தொடவே வேண்டாம். கையிலிருக்கும் பந்தின் மூக்கு கோட்டுக்கு மேலே எட்டினாலே ஆறு புள்ளி. தொடுதல் பெயரில் மட்டும் மிஞ்சிவிட்டது. நம் கபடியில் தொடுதல் இன்னும் தொடுதலாகவே இருக்கிறது. சட்டை நுனி பட்டாலும் தொட்டதுதான்.

தொடாமலே வரும் சிக்கலும் உண்டு. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, இந்தியா–ஈரான் ஆண்கள் இறுதி ஆட்டம். 28–28 என்று சமநிலை, இரண்டு நிமிடம்கூட மீதமில்லை. பாடிப் போன பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்துவிட்டார். பக்கவாட்டில் இருக்கும் அந்த 1 மீட்டர் பட்டை, யாராவது தொட்ட பிறகுதான் ஆடுகளத்தில் சேரும். அவரைத் துரத்திய ஈரான் வீரர்களும் உள்ளே இறங்கிவிட்டார்கள். பழைய விதிப்படி அவர்களும் அவுட். புதிய விதிப்படி பாடிப் போனவர் மட்டும் அவுட். எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று நடுவர்களுக்குள்ளேயே முடிவாகவில்லை. தீர்ப்பு மாறி மாறி வந்தது, வீரர்கள் ஆடுகள விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33–29 என்று நாம் வென்றோம். தங்கம் வந்தும் எனக்கு நிறைவில்லை. எந்த விதி என்பதை டாஸுக்கு முன்பே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 30 விநாடிக் கடிகாரம் வந்ததிலிருந்து நடுவர்கள் காதைப் பயன்படுத்துவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். சடுகுடுக் காலத்தில் மூச்சுதான் கடிகாரம். பாடுகிறவன் கூடவே நடுவர் காதைக் கொடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஓடுகிறவர் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பார், விரல் பட்டதையும் பார்ப்பார்.

நீயும் வாய் திறக்காமல் நின்றாயே, அது என்ன பழக்கம்? விதி தெரிந்தவன் கேப்டன் மூலமாகப் பணிவோடு கேட்கலாம். நம் ஊர் மண்தரையில் பத்துப் பாட்டுக்குள் நடுக்கோடு அழிந்துவிடும். அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது ஒரு பை சுண்ணாம்புப் பொடி எடுத்துக்கொண்டு போ. இடைவேளையில் கோட்டைத் திரும்பப் போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்